புகாரே வராத மாதம்

அன்புள்ள கண்ணா,

இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படி. அங்கே சொல்லியிருப்பதைச் செய்துவிட்டு, பிறகு நிதானமாக உட்கார்ந்து முதலிலிருந்து படிக்கலாம். மற்றதெல்லாம் காத்திருக்கும்.

உனக்குக் கல்யாணம் நிச்சயமான அன்றே ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். எதையும் வாயால் சொல்ல எனக்கு வராது. நம் வீட்டில் பேச்சு முழுவதும் உன் அப்பாவுடையது. நான் சமையலறை வாசலில் நின்று கேட்கிறவள். அந்தக் கடிதத்தில் பவித்ராவைப் பற்றி எழுதியிருந்தேன், இரண்டு பேரும் கோபமாக இருக்கும் வீட்டில் யார் முதலில் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்பது மாதிரியான விஷயங்கள். அது இழுப்பறையில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு தருகிறேன். இது வேறு கடிதம். நேற்று மத்தியானம் உனக்குத் தெரியாமல் தி.நகர் போய்விட்டு வந்தேன். ராத்திரி சாப்பிடும்போது உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அதே சிரிப்பை முன்பு ஒருவரிடம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் காலையில் நீ கிண்டி ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும் உன் சிநேகிதன் டில்லிக்குப் போன் செய்து வரச் சொல்லிவிட்டு, அவன் வரும்வரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ ஏரியா மேனேஜர் ஆன அன்று உன் அப்பா ராயப்பேட்டையில் தெரிந்த கடைக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "லிப்டு மெக்கானிக்கா சேந்தான் எம் புள்ள. இன்னிக்கு எம்பது பேரு அவங்கீழ வேல செய்றான்" என்றார். எண்பது இல்லை, அதில் கால்வாசிகூடத் தேறாது என்று நீ திருத்தினாய். "பத்திரிகைல எம்பதுன்னே போட்டுக்கலாம் வுடு, வந்து எண்ணவா போறாங்கோ?" என்றார். நானும் சிரித்தேன். எனக்கும் பெருமைதான். கையில் கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு, எம்பிஏ பாடங்களை ஹாலில் நடந்துகொண்டே சத்தமாகப் படித்தவன் நீ. அப்போது நானும் உன்னோடு படித்தேன். ஊக்குவித்தல், அதிகாரத்தைப் பகிர்ந்தளித்தல், இலக்கு நிர்ணயித்தல், ஒரு மேலாளர் எத்தனை பேரை நேரடியாகக் கவனிக்க முடியும் என்பது. கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். பல இடங்களில், அட, இதற்கு இப்படி ஒரு பேர் இருக்கிறதா என்று தோன்றும். ஏனென்றால் அவற்றையெல்லாம் ஒரு அலுவலகத்தின் மூலையில் உட்கார்ந்து பெயர் தெரியாமலே பார்த்தவள் நான்.

போன வாரம் உன் போனில் ஒரு படம் காட்டினாய். உன் ஆபீஸ் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. 'இந்த மாதப் புகார்கள்' என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குள் யாரோ சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்கள். கேக் வெட்டியிருந்தீர்கள். நான் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், டில்லியைத் தவிர. அவன் கேக் துண்டைக் காகிதத் தட்டில் ஏந்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். "எப்படிம்மா?" என்று கேட்டாய். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுப்பதற்குள் டில்லியை இன்னொரு தடவை பார்த்தேன்.

நான் ஆழ்வார்பேட்டையில் வேலை பார்த்த கதை உனக்குப் பாதி தெரியும். உன்னைப் பள்ளியில் சேர்த்த வருடம்தான் அந்த வேலை கிடைத்தது. ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். பி.காம். வாங்கியும் ஒரு ஆபீசுக்குள் எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாத பெண். முதல் நாள் சாப்பாட்டு டப்பாவை எங்கே வைப்பது என்று யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, மாலைவரை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் லிப்ட் சர்வீஸ் கம்பெனிதான், உன்னுடையதைவிடச் சின்னது. என் வேலை புகார் மேசை. போன் அடிக்கும். எந்தக் கட்டடம், என்ன கோளாறு என்று கேட்டு, அந்தப் பக்கம் இருக்கும் மெக்கானிக்குக்குச் சொல்ல வேண்டும். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்பட்ட எனக்கு அந்தப் போன் ஒரு வரம். திட்டுவார்கள். "உங்க லிப்டு எங்க மாமியார உள்ள வெச்சி பூட்டிக்கிச்சு, மெதுவாவே வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல" என்று ஒரு அம்மா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எந்தக் கட்டடத்துக் கதவு முனகுகிறது, எந்த லிப்ட் மழைக்காலத்தில் நின்றுவிடும் என்பதெல்லாம், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு புது மேனேஜர் ஒருவர் வந்தார். கெட்டவர் என்று நினைத்துவிடாதே. அவரைப் போல ஒருவர் கிடைத்தால் எந்தக் கம்பெனியும் கையெடுத்துக் கும்பிடும். நேரத்துக்கு வருவார், பியூனைக்கூட வாங்க போங்க என்பார், யாருடைய குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். புகார் குறைய வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். நியாயமான ஆசை. புகார் குறைந்த மெக்கானிக்குக்கு மாதக் கடைசியில் பாராட்டும் கொஞ்சம் ஊக்கத்தொகையும், கூடியவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, "என்னப்பா, உன் கட்டடம் மட்டும் ஏன் அழுதுகிட்டே இருக்கு?" என்று ஒரு கேள்வி. திட்டு இல்லை, கேள்விதான். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் ஆண்கள் பயந்தார்கள்.

கொஞ்சம் கொஞ்சமாக என் போன் அடிப்பது குறைந்தது. முதலில் எனக்கும் சந்தோஷம்தான், டீயை ஆறுவதற்குள் குடிக்க முடிந்தது. அப்புறம் அந்த அமைதி என்னவோ செய்தது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில்கூட மயிலாப்பூரிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் நின்றுபோகும் லிப்ட் அங்கே இருந்தது எனக்குத் தெரியும். என்ன நடந்தது என்பது சீக்கிரமே காதில் விழுந்தது. கூச்ச சுபாவக்காரியின் காதில் எல்லாம் விழும். அவள் இருக்கிறாள் என்பதே யாருக்கும் நினைவிருக்காது. மெக்கானிக்குகள் தங்கள் செல்போன் எண்ணை வாட்ச்மேன்களிடம் கொடுத்திருந்தார்கள். "ஆபீசுக்குப் போடாதண்ணே, எனக்குப் போடு, ஓடியாந்துர்றேன்." ஓடித்தான் வந்தார்கள். சரி செய்ய முடிந்ததைச் செய்தார்கள். முடியாததை ஓட்டுகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டுப் போனார்கள். பாகம் மாற்ற வேண்டும் என்று ஆபீசில் கேட்டால் அது புகாராக ஏறிவிடுமே.

அப்போது பேசாமல் இருந்துவிட்டேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறாயா? இல்லை. நான் சொன்னேன். ஒரு நாள் மத்தியானம், அவர் அறை வாசலில் நின்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சார், போனே வர மாட்டேங்குது சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அதுதானம்மா நமக்கு வேணும்" என்றார். "இல்ல சார், வரவேண்டியதும் வரல" என்றேன். "நீங்க ரொம்ப யோசிக்கறீங்க" என்று சொல்லி, மேசையில் இருந்த மைசூர்பாகு பெட்டியை நீட்டினார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அடையாற்றில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். கதவைக் கையால் இழுத்துத் திறக்கிற பழைய மாதிரி லிப்ட். லிப்ட் அந்த மாடியில் வந்து நின்றால் மட்டும்தான் கதவு திறக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு பூட்டு இருக்கும், உனக்குத் தெரியாததா. அந்தப் பூட்டு தேய்ந்து அடிக்கடி லிப்டை நிறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் மெக்கானிக் ஒருவன் வந்து பூட்டை வேலை செய்யாமல் செய்துவிட்டுப் போயிருந்தான். லிப்ட் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒரு புகாரும் இல்லை. ஒரு நாள் காலையில், காய்கறிப் பையோடு கீழே போகக் கிளம்பிய ஒரு பெரியவர் கதவை இழுத்தார். கதவு திறந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தார். அங்கே லிப்ட் இல்லை.

அன்று நெடுநாளைக்குப் பிறகு என் போன் அடித்தது.

போலீஸ் வந்து அந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனது. விசாரணைக்கு வந்தவர்களிடம் மேனேஜர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "எங்கிட்ட யாருமே சொல்லல." பொய் இல்லை கண்ணா. சத்தியமான வார்த்தை. பூட்டைப் பற்றி யாருமே சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி எல்லாவற்றையும் அவரே அன்பாக, சிரித்துக்கொண்டே அமைத்திருந்தார். சில நாள் கழித்து என் மேசைக்கு வந்து நின்றார். முகம் ஒரே வாரத்தில் வேறு யாருடைய முகமோ ஆகியிருந்தது. "அன்னைக்கு வந்து ஏதோ சொன்னீங்களே, என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டார். போன் வரவில்லை என்று சொன்னேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். அவர் போவாரா மாட்டாரா என்று தெரியாமல் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைரியமாகப் பேச வேண்டும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நீயும் உன் ஆட்களுக்கு அப்படி ஒரு வகுப்பு எடுத்ததாகச் சொன்னாய். பேசுவது பாதி வேலைதான். என் குரல் சின்னது. ஆனால் சின்னக் குரலில் சொன்னதும் சொன்னதுதான். காது மேலே இருக்கிறவருடையது. உனக்குக் கீழே ஒருவன் வாய் திறக்கிறானா இல்லையா என்பது, போன தடவை அவன் திறந்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. அதை அவன் மறக்கவே மாட்டான். நீ மறந்திருப்பாய்.

டில்லி போன ஞாயிற்றுக்கிழமை வந்தானே, அதைச் சொல்கிறேன். உன்னோடு ஐடிஐ படித்தவன், உன்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். நம் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறான். வாசலிலேயே "மச்சி, இன்னா துன்ன வெச்சிக்கீறாங்க அம்மா?" என்று கத்திக்கொண்டு வருகிறவன். அன்று செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்தான். நீ சோபாவில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவன் உட்காரவில்லை. "சார், அந்த டி.நகர் சைட்டு..." என்று ஆரம்பித்தான்.

நம் வீட்டுக்குள், என் முன்னால், அவன் உன்னை சார் என்றான். நீ அதைக் கவனிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் சைட்டா? இன்னாடா, பாகம் இல்லன்னு மறுபடியும் அழப்போறியா?" என்று சிரித்தாய். "மச்சி, பிரச்சனைய தூக்கிகினு வராத. தீர்வோட வா. அன்னிக்கு மீட்டிங்லயே சொன்னேன்ல?"

"அதுக்கில்ல சார், இந்த கூட்டத்துக்கு அந்த டோரு..."

"ஓடிகினு கீதா, இல்லியா?"

அவன், "ஓடுது சார்" என்றான்.

"அப்புறம் இன்னா? உக்காருடா, இடியாப்பம் சாப்டு."

அவனுடைய தீர்வு என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தீர்வோடு வா என்று நீ சொன்னாய். கையில் என்ன இருந்ததோ அதை வைத்து ஒரு தீர்வைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தான். அதைச் சொல்ல வந்தவனை, சொல்லாமலே சாப்பிட வைத்து அனுப்பினாய். நான் இடியாப்பம் வைக்கும்போது, வருகிற ஞாயிறு முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறோம், நீயும் வாடா என்று கூப்பிட்டேன். எந்தக் கடை என்று கேட்டான். சொன்னேன். உன் கம்பெனி லிப்டைப் பார்த்துக்கொள்ளும் கடை, அதனால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று நீ பெருமையாகத் தேர்ந்தெடுத்த கடை. அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கிளம்பும்போது நான் மாடிப்படிவரை வந்தேன். இரண்டு படி இறங்கியவன் திரும்பி நின்றான்.

"எம்மா, பட்டு செக்‌ஷன் மூணாவது மாடிமா."

"தெரியுமேடா."

"படியிலயே இட்டுகினு போங்கமா எல்லாரையும். அந்தப் பெருசுங்க, கொழந்தைங்க, எல்லாரையும்."

"ஏண்டா?"

"சும்மாதாம்மா. கூட்டமா கீது. அதான்." வேகமாக இறங்கிப் போய்விட்டான்.

ஒரு லிப்ட் மெக்கானிக், தன் மேலதிகாரியின் அம்மாவிடம், படியில் ஏறுங்கள் என்கிறான். அந்த வார்த்தையை நான் சோறு வடிக்கும்போதும் கேட்டேன், துணி காயப்போடும்போதும் கேட்டேன். நம் பக்கத்தில் புடவை எடுக்கப் போவது எப்படி என்று உனக்குத் தெரியும். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டுமா போவார்கள்? இரண்டு வீட்டுச் சனமும் வேன் பிடித்துப் போகும். பவித்ராவின் பெரியம்மா கால் இழுத்து நடக்கிறவர். அவள் அக்காவின் குழந்தை எதையும் கையால் தொட்டுப் பார்க்கிற வயது. நாம் போவது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் வேறு வீட்டுப் பெரியம்மாக்களும் வேறு வீட்டுக் குழந்தைகளும் போகிறார்கள்.

வாரம் முழுக்கத் தயங்கிவிட்டு நேற்றுப் போனேன். புடவை பார்க்கிற மாதிரி மூன்றாவது மாடியில் லிப்டுக்கு எதிரே நின்றேன். இரண்டு லிப்ட். வலது பக்கத்தது ஒழுங்காக ஓடியது. இடது பக்க லிப்டை ஒரு ஆள் முக்காலியில் உட்கார்ந்து ஓட்டுகிறார். கதவு மூடும்போது முழுதாக மூடுவதில்லை. ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. அந்த ஆள் உள்ளிருந்து இழுக்கிறார். சில தடவை மூடுகிறது. சில தடவை மூடாமலே லிப்ட் கிளம்பிவிடுகிறது. நான் கண்ணால் பார்த்தேன். அந்த இடைவெளி வழியாக உள்ளே விளக்கு மேலே நழுவிப் போனது. பிறகு அங்கே இருட்டும் அசைகிற கயிறும் மட்டும். ஒரு சின்னப் பெண் பொம்மைக்குப் போட்ட துப்பட்டாவை அந்த இடைவெளியில் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா விலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குழந்தையை இழுத்துவிட்டேன். அந்த அம்மா என்னை முறைத்தாள்.

கடை சூப்பர்வைசரிடம் போய், என் குரலுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். நல்ல பையன், தண்ணீர் கொடுத்தான். "கம்பெனி ஆளுங்க பாத்துட்டு ஓக்கேன்னாங்கம்மா. அவங்க சொன்னாத்தான் நிறுத்த முடியும். சீசன் டைம் வேற." கம்பெனிக்குப் போன் செய்யுங்களேன் என்றேன். அதற்கு அவன் சொன்ன பதில் இது.

"ஆபீசுக்குப் போடாதீங்கன்னு மெக்கானிக்கு சொல்லிக்கீறாரும்மா. அவரு நம்பருக்குத்தான் போடணும்."

ராத்திரி இதையெல்லாம் உன்னிடம் சொன்னேன். நீ ரசத்தைக் குடித்துக்கொண்டே, "அம்மா, சிஸ்டத்துல அந்த சைட்டு பச்சையா இருக்கு. ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. நீ இன்னும் அந்தப் பழைய போன் காலத்துலயே இருக்க" என்று சிரித்தாய். "லிப்ட்ட பத்தி எனக்கே பாடம் எடுக்கறாங்க பாருப்பா" என்று அப்பாவைப் பார்த்தாய். "உங்கம்மா கதவ சாத்தினாக்கூட ரெண்டு தபா இழுத்துப் பாப்பா" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் அப்பளம் எடுக்க உள்ளே போனேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பூஜ்யத்தின் மீது உனக்கு இருக்கிற ஆசையை நான்தான் ஊட்டினேனோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு நாள்கூட லீவு போடாததற்குச் சான்றிதழ் வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடைசி வாரம் உனக்குக் கண் மஞ்சளாக இருந்தது. காய்ச்சலை மறைத்துக்கொண்டு போனாய். சான்றிதழை அன்று வாங்கினாய், மறுநாள் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் படுத்தாய். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், இவ்வளவு நாள் கவனிக்கவில்லையா என்று. "எங்கிட்ட சொல்லவே இல்ல டாக்டர்" என்றேன். நீ குணமாகி வந்ததும் அந்தச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டினேன். இப்போதும் ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். காய்ச்சலைப் பற்றிச் சொல்லியிருந்தால் உனக்கு எதுவும் மாட்டியிருக்க மாட்டேன் இல்லையா? எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அதுதான் வீட்டிலும் வரும், ஆபீசிலும் வரும். பரிசு கொடுக்காதது ஒளிந்துகொள்ளும்.

ஆகவே இதைக் கேள். உன் பலகையில் புகார் குறைந்தால் சந்தோஷப்படு. அடியோடு நின்றுபோனால் அன்றே எழுந்து வெளியே போய்ப் பார். எந்த இயந்திரமும் ஒரு மாதம் முழுக்க வாய் மூடிக்கொண்டிருக்காது, எந்த மனிதனும் அப்படித்தான். கெட்ட செய்தியோடு வருகிறவனுக்கு முதலில் ஒரு நாற்காலி கொடு. பிரச்சினையை மட்டும் கொண்டு வரட்டும். தீர்வு அவனிடம் இருந்தால் உன்னிடம் ஏன் வரப்போகிறான்? பாகம் வாங்கிக் கொடுக்கிற கையெழுத்து உன்னிடம் இருக்கும்போது, பாகம் இல்லாமல் தீர்த்துக்கொள் என்று அவனிடம் சொல்வது பொறுப்பைப் பகிர்ந்துகொடுப்பது ஆகாது. அதிகாரத்தை நீ வைத்துக்கொண்டு பயத்தை மட்டும் அவனுக்குக் கொடுத்திருக்கிறாய்.

கதவு மூடாவிட்டாலும் மூடியிருக்கிறது என்று லிப்டை நம்ப வைக்க ஒரு சின்ன வயர் போதும் என்று டில்லி சொன்னான். ஆமாம், வந்துவிட்டான். சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். டீ ஆறிக்கொண்டிருக்கிறது. நான் கேட்டேன், முதலில் ஒன்றுமில்லை என்றான், நான் அரிசி களைந்துகொண்டு பேசாமல் இருந்தேன், பிறகு எல்லாம் சொன்னான். "எத்தினி தபா கேட்டேம்மா, அந்த லாக்கு ஒண்ணு. கடைக்காரன் கத்துறான், கம்ப்ளெயின்ட் ஏறுனா டீமுக்கே இன்சென்டிவ் காசு கட்டாய்டும். நான் இன்னா பண்றது?" என்றான். அப்புறம் மெதுவாக, "அவன் மச்சியா இருந்தப்போ சொல்லிக்கலாம்மா. சாராண்ட எப்டி சொல்றது?" என்றான்.

கடை பத்தரைக்குத் திறக்கும் என்கிறான். உனக்குப் போன் செய்தேன். மீட்டிங்கில் இருக்கிறேன் என்று செய்தி வந்தது. மறுபடியும் செய்தேன். அதே செய்தி. அவனைக் கடைக்குப் போய் நிறுத்தச் சொன்னேன். ஆபீசிலிருந்து உத்தரவு இல்லாமல் போன வாரமே ஒரு முறை முயன்றானாம், கடைக்காரர்கள் விரட்டிவிட்டார்களாம். ஆட்டோ வந்துவிட்டது. மீதியை உன் ஆபீசுக்கு வந்து எழுதுகிறேன்.

கடைசிப் பக்கம்.

இதைப் படித்ததும் முதலில் அந்தக் கடைக்குப் போன் செய். இடது பக்க லிப்டை இந்த நிமிடமே நிறுத்தச் சொல். கரண்டை அணைத்து, எல்லா மாடியிலும் அந்த வாசலை மறித்து, ஆள் நிற்க வைக்கச் சொல். நீ சொன்னால்தான் கேட்பார்கள். 'பார்க்கிறேன்' என்று அவர்கள் சொன்னால் போனை வைக்காதே. நிறுத்திவிட்டோம் என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டிரு.

பிறகு கீழே வா. உன் ஆபீசுக்குள் நான் வருவது இதுதான் முதல் தடவை. ரிசப்ஷனில் கண்ணாடி மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். டில்லி என் பக்கத்தில் இருக்கிறான். ஓடிப்போய்விடாமல் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவனிடம் யார் செய்தது என்று கேட்காதே. எந்தக் கதவு என்று கேள். முதலில் ஒன்றுமில்லை சார் என்பான். அது பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டு காத்திரு. பிறகு, வேறு எங்கே என்று கேள். ஆட்டோவில் வரும்போது சொன்னான், அந்தக் கடை ஒன்று மட்டும் இல்லையாம். அவன் மட்டும் இல்லையாம்.

இங்கே எல்லாம் சுத்தமாக, குளிர்ச்சியாக இருக்கிறது. உன் பலகை இந்த மேசைக்குப் பின்னால்தான் மாட்டியிருக்கிறது. பூஜ்யத்துக்குள் இருக்கிற முகம் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் பெண் உன்னைவிடச் சின்னவள், பக்கத்தில் போன் வைத்திருக்கிறாள். நாங்கள் வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. "சார் மீட்டிங்ல இருக்காரு, என்ன விஷயம்னு சொல்றதும்மா?" என்று கேட்டாள். புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன்.

அவள் அன்பாகச் சிரித்தாள். "புகாரா? அதுக்கு இங்க ஆளே இல்லம்மா. எங்களுக்குப் புகாரே வர்றதில்ல" என்றாள்.

மணி பத்தேகால் ஆகப்போகிறது. இந்தக் காகிதங்களை மடித்து அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். கீழே வா, கண்ணா. வரும்போது அந்தப் பூஜ்யத்தை உன் கையாலேயே அழித்துவிட்டு வா.

அம்மா